அது காந்தமா, மின்சாரமா? வெள்ளாற்று மண்ணிலிருந்து டெராஹெர்ட்ஸ் வரை

இன்னைக்கு நாம பேசப்போற விஷயத்தோட பேரைக் கேட்டா கொஞ்சம் பயமா இருக்கும்: மல்டிஃபெராயிக் படிகங்களில் உள்ள காந்த அலைகளை அகச்சிவப்பு ஒளியால் பார்ப்பது. பேரை விடுங்க. இதுக்குள்ள ஒரு எளிமையான கேள்வி இருக்கு. ஒரு கருவி வரைஞ்ச கோட்டுல ஒரு பள்ளம் தெரியுது. அந்தப் பள்ளம் எதனால வந்ததுன்னு எப்படி உறுதியா சொல்றது? இந்த ஒரு கேள்விக்காக இயற்பியலாளர்கள் வருஷக்கணக்கா சண்டை போட்டிருக்காங்க. அதில் ஒரு பங்கு நம்ம சிதம்பரத்துக்கும் உண்டு.

கையில ஹெட்போன், பக்கத்துல டீ இருந்தா போதும். கணக்கு எதுவும் போடப்போறதில்லை.

வெள்ளாற்று மண்

கடலூரிலிருந்து சிதம்பரம் போற வழியில, பரங்கிப்பேட்டை பக்கம் வெள்ளாறு கடலில் கலக்குது. அந்த ஆற்று மண்ணை அண்ணாமலைப் பல்கலைக்கழக இயற்பியல் துறை ஆய்வாளர்கள் தோண்டி எடுத்து, ஆழம் ஆழமாகப் பிரிச்சு, அதில் என்னென்ன கனிமங்கள் இருக்குன்னு பார்த்திருக்காங்க. அதுக்கு அவங்க பயன்படுத்திய முக்கியமான கருவிகளில் ஒண்ணு எஃப்டிஐஆர். அகச்சிவப்பு நிறமாலைமானி. இன்னைக்கு நிறைய கல்லூரிகளிலும் மருந்து கம்பெனிகளிலும் இருக்கிற கருவிதான்.

வேலை செய்யும் முறை இதுதான். மண்ணைக் காயவைத்து நைசாக அரைக்கணும். பொட்டாசியம் புரோமைடு என்ற உப்போட கலந்து, அழுத்தி, சின்ன வில்லை ஆக்கணும். அதன் வழியா அகச்சிவப்பு ஒளியை அனுப்பணும். மண்ணுக்குள்ள இருக்கிற அணுக்கள் சும்மா இல்லை, ஒவ்வொன்றும் தன் இடத்தில் நின்றபடி அதிர்ந்துகொண்டே இருக்கு. எந்த வேகத்தில் அதிருதோ, அந்த வேகத்து ஒளியை அது விழுங்கிவிடும். மறுபக்கம் வரும் ஒளியில் அந்த இடத்தில் ஒரு பள்ளம் விழும்.

குவார்ட்ஸுக்கு, அதாவது சாதாரண வெள்ளை மணலுக்கு, சென்டிமீட்டருக்கு 778 அலை, 695 அலை என்ற இரண்டு இடங்களில் பள்ளம் விழும். கயோலினைட் களிமண்ணுக்கு வேற இடம். கைரேகை மாதிரி. பள்ளத்தைப் பார்த்து, "இது குவார்ட்ஸ், இது களிமண்"ன்னு சொல்லிடலாம்.

இந்த "சென்டிமீட்டருக்கு இத்தனை அலை" என்பது நிறமாலை ஆட்களோட வழக்கமான அளவு. ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை அலை அடங்கும் என்பதுதான் அது. எண் பெரிசானால் அதிர்வு வேகம், சிறிசானால் மெதுவு. 778 என்றால் நொடிக்கு சுமார் 23 லட்சம் கோடி அதிர்வு.

இப்போ கவனிங்க. வழக்கமான எஃப்டிஐஆர் கருவி 4000 முதல் 400 வரைதான் காட்டும். 400க்குக் கீழே அந்தப் பொட்டாசியம் புரோமைடே ஒளியை மறைச்சுடும். கிராஃப் அங்கே முடிஞ்சுடும். ஆனால் நாம இன்னைக்குத் தேடுற காந்த அலைகள் 20, 60 மாதிரியான இடத்தில் இருக்கு. அதாவது பிரிண்ட் ஆன காகிதத்துக்கு வெளியே. அங்கே போறதுக்கு முன்னாடி, காந்தத்தைப் பத்தி ஒரு பழைய கதை.

அண்ணாமலைநகர், 1930கள்

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1929இல். தொடங்கின ஒண்ணு ரெண்டு வருஷத்திலேயே அங்கிருந்து காந்தவியல் ஆய்வுக் கட்டுரைகள் வர ஆரம்பிச்சிருச்சு. அதை முன்னின்று நடத்தியவர் எஸ். ராமச்சந்திர ராவ். அவர் எடுத்துக்கிட்ட பொருள்களில் ஒன்று பிஸ்மத்.

பிஸ்மத் ஒரு வினோதமான உலோகம். இரும்பைக் காந்தம் இழுக்கும், பிஸ்மத்தைக் காந்தம் லேசாகத் தள்ளும். இதுக்கு டயாகாந்தம்னு பேர். ராமச்சந்திர ராவ் கேட்ட கேள்வி: பிஸ்மத்தைப் பொடியாக்கி, இன்னும் பொடியாக்கி, மிக நுண்ணிய துகளா மாத்தினால் இந்தத் தள்ளுற குணம் மாறுமா? கெட்டியான கட்டியில் எலக்ட்ரான்கள் படிகம் முழுக்க ஓடித் திரியும். துகள் சிறிசானால் ஓட இடம் இருக்காது. அப்போ காந்தக் குணமும் குறையணும் இல்லையா? துகள் சிறிதாக ஆக, டயாகாந்தம் குறையுதுன்னு அளவீடுகள் காட்டின. இன்னைக்கு நானோ துகள்னு நாம ஸ்டைலா சொல்றதுக்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னால் கேட்கப்பட்ட கேள்வி இது.

ஆனால் இங்கேதான் சிக்கல். துகள் சிறிசாக ஆக, மேற்பரப்பு கூடும். மேற்பரப்பு கூடினால் காற்றில் இருக்கிற ஆக்ஸிஜன் அதிகமா ஒட்டும். பிஸ்மத் கொஞ்சம் பிஸ்மத் ஆக்ஸைடா மாறும். ஆக்ஸைடுக்குத் தள்ளும் குணம் குறைவு. அப்போ குறைஞ்சது துகளின் அளவினாலா, ஒட்டிக்கொண்ட ஆக்ஸிஜனாலா? தராசு ஒரு எண்ணைத்தான் காட்டும். அந்த எண்ணுக்கு ரெண்டு விளக்கம் இருந்தா, எது சரின்னு தராசு சொல்லாது. அந்தக் காலத்துப் பொடி ஆய்வுகள் எல்லாமே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அதே காலத்தில் இன்னொரு தமிழர், விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், வேற வழியில் போனார். ராமனோடு சேர்ந்து ராமன் விளைவில் உழைத்தவர் அவர். 1928 முதல் டாக்கா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது படிகங்களோட காந்த குணத்தை அளக்க ஆரம்பிச்சார். அவர் முறை ரொம்ப அழகு: பொடியாக்க வேண்டாம். முழுப் படிகத்தை மெல்லிய இழையில் தொங்கவிடு. காந்தப் புலத்தில் வை. மேலே இருந்து இழையை முறுக்கிக்கிட்டே போ. ஒரு கட்டத்தில் படிகம் பட்டுனு திரும்பும். எந்தக் கோணத்தில் திரும்புதுன்னு பார்த்தாலே, படிகத்தின் ஒரு திசைக்கும் இன்னொரு திசைக்கும் காந்தக் குணம் எவ்வளவு வித்தியாசப்படுதுன்னு தெரிஞ்சிடும்.

பொடியில் திசை தொலைஞ்சு போகும். படிகத்தில் திசை இருக்கும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி நம்ம மொத்த வழக்கும் இந்தத் திசை என்ற சாட்சியை வச்சுத்தான் தீர்ப்பாகப் போகுது.

காந்தம் எப்படி அலையாகும்?

காந்தப் பொருளுக்குள்ள ஒவ்வொரு காந்த அணுவும் ஒரு குட்டிக் காந்தம். இதை ஸ்பின்னு சொல்றோம். சாதாரண இரும்புக் காந்தத்தில் எல்லா ஸ்பின்னும் ஒரே பக்கம் பார்த்து நிக்கும். வேற சில பொருள்களில் ஒண்ணு மேலே, பக்கத்துல இருக்கிறது கீழேன்னு மாறி மாறி நிக்கும். இன்னும் சிலதில் ஒவ்வொண்ணும் பக்கத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் மாதிரி ஒரு சுருள் வரிசையாக நிக்கும்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவுல பஸ்ஸில் போகும்போது நெல் வயலைப் பார்த்திருப்பீங்க. காத்து அடிச்சா வயலில் ஒரு அலை ஓடும். எந்த நாத்தும் இடத்தை விட்டு நகரலை. ஒவ்வொன்றும் தலையை மட்டும் ஆட்டுது. அந்த ஆட்டம் பக்கத்துக்குப் பக்கம் தொத்திக்கிட்டுப் போகுது. ஸ்பின்களிலும் இதே மாதிரிதான். ஒரு ஸ்பின்னைக் கொஞ்சம் சாய்ச்சுவிட்டா, பம்பரம் தலையாட்டுற மாதிரி ஆடும். அந்த ஆட்டம் பக்கத்து ஸ்பின்னுக்குப் போகும். இப்படி ஓடுற அலைக்கு ஸ்பின் அலைன்னு பேர். இந்தக் கருத்தை 1930இல் ஃபெலிக்ஸ் பிளாக் முன்வச்சார். அந்த அலையின் ஒரு துணுக்குக்கு மேக்னான்னு பேர்.

நாம இன்னைக்குப் பார்க்கப்போற படிகங்களில் இந்த ஆட்டம் மண் துகளோட அணு அதிர்வைவிட ரொம்ப மெதுவு. சென்டிமீட்டருக்கு 20 அலை என்ற இடத்தில் இருக்கிற மேக்னான், நொடிக்குச் சுமார் 60,000 கோடி முறை ஆடும். குவார்ட்ஸ் அதிர்வைவிடக் கிட்டத்தட்ட 40 மடங்கு மெதுவு. இந்த வேகத்துக்குப் பொருந்துற ஒளியின் அலைநீளம் அரை மில்லிமீட்டர். இதைத் தொலை அகச்சிவப்பு, டெராஹெர்ட்ஸ் ஒளின்னு சொல்வாங்க.

இதை அளக்கிறது சுலபமில்லை. நீராவி இந்த ஒளியை நல்லா விழுங்கும். நம்ம கடலோர ஊர்க் காற்றில் இருக்கிற ஈரம், கருவிக்குள்ள இருந்தா படிகத்தின் கையெழுத்தை விட நீராவியின் கையெழுத்துதான் பெருசா தெரியும். அதனால ஒளி போகும் பாதை முழுக்க வெற்றிடமாக்கணும், இல்லைன்னா ஈரம் நீக்கின காற்றை நிரப்பணும். உணர்கருவியை ஹீலியத்தால் குளிர வைக்கணும். வேண்டாத சாட்சிகளை முதல்லயே வெளியே அனுப்புறது பாதி வேலை.

மின்சாரமும் காந்தமும் ஒரே வீட்டில்

சரி, மல்டிஃபெராயிக்னா என்ன? சில படிகங்களில், பேட்டரி எதுவும் இணைக்காமலேயே, ஒரு பக்கம் நேர் மின்னூட்டமும் மறுபக்கம் எதிர் மின்னூட்டமும் ஒதுங்கி நிக்கும். மின்னழுத்தம் கொடுத்து அதைத் திருப்பலாம். இது ஃபெரோமின் குணம். வேற சில படிகங்களில் காந்த ஒழுங்கு இருக்கும். இந்த ரெண்டும் ஒரே படிகத்தில் இருந்தா அது மல்டிஃபெராயிக்.

இதுக்காக ஏன் இவ்வளவு பேர் மெனக்கெடுறாங்க? ஹார்ட் டிஸ்கில் ஒரு தகவலை எழுத, காந்தத்தைத் திருப்பணும். அதுக்குக் கம்பியில் மின்னோட்டம் பாயணும். மின்னோட்டம் பாய்ஞ்சா சூடு. நம்ம ஃபோன் சூடாவதும், டேட்டா சென்டர்கள் குளிரூட்டலுக்கே ஏகப்பட்ட மின்சாரம் செலவழிப்பதும் இந்த ஓட்டத்தால்தான். மின்னோட்டம் இல்லாமல், வெறும் மின்னழுத்தத்தால் காந்தத்தைத் திருப்ப முடிஞ்சா செலவு ரொம்பக் குறையும். மல்டிஃபெராயிக் அந்த ஆசையைக் காட்டுது.

ஆனா இயற்கை இதைச் சுலபமாத் தரலை. ஃபெரோமின் குணத்துக்குப் பெரும்பாலும் காலியான டி எலக்ட்ரான் கூடு வேணும், காந்தத்துக்குப் பாதி நிரம்பிய கூடு வேணும். ஒரே அணுவிடம் ரெண்டும் கேட்டா எப்படி? 2000இல் நிக்கோலா ஸ்பால்டின் இதை ஒரு கட்டுரையில் தெளிவா விளக்கினார். தப்பிக்க ஒரு வழி: ரெண்டு வேலையை ரெண்டு அணுவுக்குப் பிரிச்சுக் கொடுப்பது. மின் வேலை பிஸ்மத்துக்கு, காந்த வேலை இரும்புக்கு. அதுதான் பிஸ்மத் ஃபெரைட். ஆமாங்க, அண்ணாமலைநகரில் தராசில் ஏறின அதே பிஸ்மத்.

பிஸ்மத் ஃபெரைட்டோட பெரிய பலம், அறை வெப்பநிலையிலேயே ரெண்டு குணமும் இருப்பது. காந்த ஒழுங்கு சுமார் 370 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், மின் ஒழுங்கு சுமார் 830 டிகிரி வரை. கடலூர் கத்திரி வெயில் அதை ஒண்ணும் பண்ணாது.

இதை உலகம் திரும்பிப் பார்க்க வச்சவரும் நம்ம பக்கத்தில் படிச்சவர்தான். ராமமூர்த்தி ரமேஷ். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உலோகவியல், பிறகு அமெரிக்காவில் பெர்க்லியில் முனைவர் பட்டம். 2003இல் அவர் மேரிலாந்தில் இருந்தபோது, அவர் குழு பிஸ்மத் ஃபெரைட்டை மெல்லிய படலமாக வளர்த்து, சயின்ஸ் இதழில் கட்டுரை வெளியிட்டது. ஸ்பால்டினும் அதில் ஒருவர். அதில் ரெண்டு செய்தி இருந்தது. ஒண்ணு, மின் முனைவாக்கம் பழைய அளவீடுகளைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு. ரெண்டு, காந்தமும் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம்.

2005இல் அதே இதழில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் எதிர்க்குரல் எழுப்பினாங்க: அந்தப் பெரிய காந்தம் இந்தப் பொருளின் சொந்தக் குணமான்னு. ரமேஷ் குழு பதில் சொன்னது. பிறகு வந்த நல்ல படலங்களில் அந்த அளவு காந்தம் தென்படவில்லை. ஆனால் மின் முனைவாக்கம்? 2007இல் சுத்தமான ஒற்றைப் படிகங்கள் வளர்க்கப்பட்டபோது, அவற்றிலும் அதே பெரிய எண் வந்தது. பழைய சிறிய எண்தான் மோசமான படிகங்களால் வந்த பிழை. ஒரே கட்டுரையில் ஒரு பாதி நின்றது, ஒரு பாதி உதிர்ந்தது. அறிவியல் வேலை செய்யும்போது பார்க்க இப்படித்தான் இருக்கும். அண்ணாமலைநகர் பொடிகளைத் துரத்தின அதே கேள்வி, எழுபது வருஷம் கழிச்சு இங்கேயும்: குணம் பொருளுடையதா, ஒட்டிக்கிட்டதா?

2006: ஒரு "சாத்தியமான சான்று"

இப்போ நம்ம மெயின் கதைக்கு வருவோம். மின்சாரமும் காந்தமும் உண்மையிலேயே கைகோத்திருந்தா, ஒண்ணை ஆட்டினா இன்னொண்ணும் ஆடணும். அப்போ ஒளியின் மின்புலத்தால் ஸ்பின் அலையை எழுப்ப முடியணும். இது சாதாரண விஷயம் இல்லை. ஒளியில் மின்புலம், காந்தப்புலம் ரெண்டும் உண்டு. வழக்கமாக ஸ்பின்னை அசைக்கிறது காந்தப்புலம்தான், அதுவும் ரொம்பப் பலவீனமாக. மின்புலத்தால் அசையும் ஸ்பின் அலைக்கு எலக்ட்ரோமேக்னான்னு பேர். சோவியத் கோட்பாட்டாளர்கள் இதை 1969லேயே கணிச்சிருந்தாங்க. பார்த்தவங்க யாரும் இல்லை.

2003இல் ஜப்பானில் கிமுரா, டோகுரா குழு டெர்பியம் மாங்கனைட் என்ற படிகத்தில் ஒரு அதிசயத்தைக் கண்டாங்க. அதில் ஸ்பின்கள் அந்தச் சைக்கிள் சக்கரச் சுருளா நிக்கும். மைனஸ் 245 டிகிரிக்குக் கீழே அந்தச் சுருளே மின் முனைவாக்கத்தை உண்டாக்குது. காந்தப் புலம் கொடுத்தா, முனைவாக்கம் 90 டிகிரி திரும்பிடுது.

2006இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஆந்த்ரே பிமெனோவும் மாஸ்கோ நண்பர்களும் இந்தப் படிகத்தில் டெராஹெர்ட்ஸ் ஒளியைச் செலுத்தினாங்க. சென்டிமீட்டருக்கு 20 அலை பக்கத்தில் ஒரு அகலமான பள்ளம். கட்டுரைத் தலைப்பிலேயே "சாத்தியமான சான்று" என்றுதான் போட்டாங்க. அந்த அடக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஏன்னா அந்தப் பள்ளம் வேற எதுவாகவும் இருக்கலாம். அணு அதிர்வா இருக்கலாம். ஒளியின் காந்தப்புலத்தால் வந்த சாதாரண மேக்னானா இருக்கலாம். டெர்பியம் அணுவின் சொந்த விஷயமா இருக்கலாம். எப்படிப் பிரிக்கிறது?

இங்கேதான் கிருஷ்ணனோட பாடம்: படிகத்தைத் திருப்பு. படிகத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று அச்சுகள். டெராஹெர்ட்ஸ் ஒளிக்கு, மெல்லிய கம்பிகளை இணையாகக் கட்டின ஒரு சட்டம் போதும், மின்புலத்தின் திசையை நாமே முடிவு பண்ணலாம். மின்புலமும் காந்தப்புலமும் எப்போதும் ஒன்றுக்கொன்று செங்குத்து.

முதல் படி: மின்புலத்தை ஏ அச்சில் வை, காந்தப்புலம் பி அச்சில். பள்ளம் தெரியுது. ரெண்டாவது படி: படிகத்தை வேற மாதிரி வெட்டி, மின்புலம் ஏ அச்சிலேயே இருக்கட்டும், காந்தப்புலம் மட்டும் சி அச்சுக்கு மாறட்டும். பள்ளம் அப்படியே இருக்கு. அப்போ காந்தப்புலத்தின் திசை பத்தி அதுக்குக் கவலை இல்லை. மூன்றாவது படி: மின்புலத்தை ஏ அச்சிலிருந்து நகர்த்து. பள்ளம் காணாமப் போகுது. ஆக, எழுப்புறது மின்புலம்தான்.

அடுத்து, எழுந்தது காந்தமா? வெளியிலிருந்து காந்தப் புலம் கொடுத்து ஸ்பின் சுருளைக் குலைச்சாங்க. பள்ளம் மறைஞ்சது. வெறும் அணு அதிர்வா இருந்தா சுருள் குலைஞ்சதுக்காக இப்படி மறையாது. 2007இல் நியூட்ரான்களை வச்சு இன்னொரு குழு தனியா ஸ்பின் அலைகளை அளந்தபோது, ஒளி காட்டின ஆற்றலிலேயே ஒரு ஸ்பின் அலை கிடைச்சது. வேற கருவி, வேற ஆட்கள், ஒரே எண். "சாத்தியமான" என்ற சொல் மெல்ல விலகிப்போச்சு.

அழகான கோட்பாடு, பிடிவாதமான அச்சு

கதை முடிஞ்சதுன்னு நினைச்சீங்களா? இல்லை. எலக்ட்ரோமேக்னான் உண்மைதான், ஆனா அது எப்படி உண்டாகுது?

2007இல் கட்சுரா, பலாட்ஸ்கி, நகாவோசா ஒரு அழகான விளக்கம் கொடுத்தாங்க. ஸ்பின் சுருள் ஒரு சக்கரம் என்றால், அந்தச் சக்கரத் தளமே லேசாகச் சாய்ஞ்சு ஆடுறதுதான் எலக்ட்ரோமேக்னான். முனைவாக்கத்தை உண்டாக்கும் அதே காரணம்தான் இதுக்கும். இந்தக் கணக்குப்படி, ஒளியின் மின்புலம் சக்கரத் தளத்துக்குச் செங்குத்தா இருக்கணும். டெர்பியம் மாங்கனைட்டில் சக்கரம் பி-சி தளத்தில். செங்குத்துன்னா ஏ அச்சு. பரிசோதனையும் ஏ அச்சுன்னுதான் சொல்லுது. கச்சிதம்!

ஆனா ஒரு கோட்பாடு ஏற்கெனவே தெரிஞ்ச விடையைச் சொன்னா மட்டும் போதாது. நிலைமையை மாத்தினாலும் சரியாச் சொல்லணும். காந்தப் புலம் கொடுத்து சக்கரத்தை ஏ-பி தளத்துக்குத் திருப்ப முடியும். அப்போ கோட்பாட்டின்படி பள்ளம் சி அச்சுக்கு மாறணும். 2008இல் டிஸ்ப்ரோசியம் மாங்கனைட் என்ற சகோதரப் படிகத்தில் ஜப்பானிய ஆய்வாளர்கள் பார்த்தாங்க. சக்கரம் திரும்பியது. பள்ளம் திரும்பலை. ஏ அச்சிலேயே பிடிவாதமா நின்னுது.

அப்போ அது சக்கரத்தோட கட்டப்பட்டதில்லை, படிகக் கட்டமைப்போட கட்டப்பட்டது. 2009இல் மேரிலாந்தில் வால்தேஸ் அகிலார் உள்ளிட்டோர் விளக்கம் கொடுத்தாங்க: பக்கத்துப் பக்கத்து ஸ்பின்களுக்கு இடையே இருக்கிற ஈர்ப்பு, அவை எந்தக் கோணத்தில் நிக்குதுங்கிறதையும், நடுவுல இருக்கிற ஆக்ஸிஜன் எங்கே இருக்குங்கிறதையும் பொறுத்தது. ஒளியின் மின்புலம் ஏ அச்சில் அணுக்களை ஆட்டினா, அந்த ஈர்ப்பு கூடிக் குறையும், ஸ்பின்களும் ஆடும். இந்தக் காரணம் ரொம்ப எளிமையானது, பலமானது. 60 அலை பக்கத்தில் இருக்கிற பெரிய பள்ளத்தை இது நல்லா விளக்கியது. 20 பக்கத்தில் இருக்கிற சின்னவருக்குப் பிறகு வந்த கணக்குகள் விளக்கம் சேர்த்தன.

இன்னொரு திருப்பம் பாக்கி இருக்கு. 2010இல் பிமெனோவ் குழு டெர்பியம் மாங்கனைட்டில் சக்கரத்தைத் திருப்பிவிட்டு, சி அச்சில் மிக நுணுக்கமாத் தேடினாங்க. பழைய கோட்பாடு சொன்ன இடத்தில், மிக மிகச் சின்னதாக ஒரு பள்ளம் கிடைச்சது. அதாவது முதல் கோட்பாடு சொன்ன ஆட்டமும் இருக்கத்தான் செய்யுது. ஆனா எல்லோரும் பார்த்த அந்தப் பெரிய பள்ளம் அது இல்லை. தோத்துப்போச்சுன்னு நினைச்ச கோட்பாடும் முழுசா தோக்கலை, ஜெயிச்சதுன்னு நினைச்சபோதும் முழுசா ஜெயிக்கலை.

இதனால நமக்கு என்ன?

நேர்மையாச் சொல்றேன். டெர்பியம் மாங்கனைட் நாளைக்கு உங்க ஃபோனில் வராது. ஃபோனை மைனஸ் 245 டிகிரிக்குக் குளிர வச்சுக்கிட்டு யாரும் பயன்படுத்த முடியாது. ஆனா அதில் கத்துக்கிட்ட முறை இன்னைக்கு வேற பொருள்களுக்குப் போகுது.

பிஸ்மத் ஃபெரைட்டிலும் ஸ்பின்கள் சுருளாத்தான் நிக்குது. ஒரு சுற்றுக்கு 62 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரம் சுற்றுக்கு மேல அடங்கும். 2013இல் எஸ்டோனியாவின் டாலின் நகர ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் இதே டெராஹெர்ட்ஸ் முறையில் அதன் ஸ்பின் அலைகளை, மிகப் பலமான காந்தப் புலத்தில் வச்சு, ஒவ்வொன்றாக எண்ணிப் பட்டியலிட்டாங்க. ஸ்பின்களை எது எந்தப் பலத்தில் பிடிச்சு வச்சிருக்குன்னு அந்தப் பட்டியலிலிருந்து கணக்கிடலாம். ஒரு மெமரி சாதனம் செய்யப் போறவருக்கு அந்த எண்கள் தேவை.

2014இல் ரமேஷ் குழு, பிஸ்மத் ஃபெரைட் மேல ஒட்டின ஒரு காந்தப் படலத்தை, அறை வெப்பநிலையில், மின்னழுத்தத்தால் மட்டும் தலைகீழாத் திருப்பிக் காட்டியது. ஆசைப்பட்டது நடக்கும் என்பதுக்கு அது ஒரு நல்ல அடையாளம். கடையில் கிடைக்கும் சிப் ஆவதற்கு இன்னும் வேலை இருக்கு.

இன்னொரு விளைவும் உண்டு. 2011இல் வேறொரு மல்டிஃபெராயிக் படிகத்தில், காந்த அலையோடு ஒத்துப்போகும் டெராஹெர்ட்ஸ் ஒளி ஒரு திசையில் போனால் ஒரு மாதிரியும், எதிர்த்திசையில் போனால் வேற மாதிரியும் உறிஞ்சப்படுவதைக் கண்டாங்க. ஒரு பக்கம் இருந்து பார்த்தா தெளிவு, மறுபக்கம் இருந்து பார்த்தா மங்கல். ஒளிக்கு ஒன்வே ரோடு மாதிரி. மின்சாரமும் காந்தமும் கைகோத்திருந்தால்தான் இப்படி நடக்கும்.

இந்த எபிசோடைக் கேட்கிறவங்களில் பலர் இயற்பியலோ வேதியியலோ படிச்சிட்டு, "நம்ம காலேஜில் என்ன பெரிய வசதி இருக்கு"ன்னு யோசிக்கிறவங்களா இருப்பீங்க. ஹீலியம் குளிரூட்டிக்குப் பணம் வேணும், உண்மை. அதை மறுக்கலை. ஆனா இந்தக் கதையில் தீர்ப்பைக் கொடுத்தது எது? மூன்று வெட்டு, ஒரு கம்பிச் சட்டம், படிகத்தைத் திருப்பிப் பார்க்கணும்னு தோணின ஒரு மூளை. கிருஷ்ணனுக்கு ஓர் இழை போதுமாயிருந்தது.

அடுத்த முறை உங்க லேபில் எஃப்டிஐஆர் கிராஃப் எடுக்கும்போது, சாஃப்ட்வேர் ஒரு பள்ளத்துக்குப் பக்கத்தில் தானாகவே ஒரு பேரை எழுதிக் காட்டும். அதை அப்படியே ரெக்கார்டு நோட்டில் எழுதாதீங்க. ஈரமா இருக்கலாமா? ஆக்ஸைடா? சாம்பிளைத் திருப்பினா என்ன ஆகும்? சூடாக்கினா? காந்தத்தைக் கிட்ட கொண்டுபோனா? எதை மாத்தினா அந்தப் பள்ளம் மறையணும்னு முதலில் நீங்களே எழுதி வச்சுட்டு, அப்புறம் மாத்திப் பாருங்க. மறைஞ்சா உங்க விளக்கத்துக்கு ஒரு சாட்சி கிடைச்சது. மறையலைன்னா இன்னும் நல்லது, அங்கே உங்களுக்கு ஒரு புதுக் கேள்வி காத்திருக்கு.